மொபைல் கம்பெனிகள் கையை இறுக்கியபோது: எரிக்சனா, நோக்கியாவா?

அமெரிக்காவின் பெரிய மொபைல் சேவைக் கம்பெனியான வெரைசன் 2022இல் நெட்வொர்க்குக்காகப் போட்ட மூலதனம் சுமார் 2,310 கோடி டாலர். 2023இல் அது 1,880 கோடிக்கு இறங்கியது. 2024இல் 1,710 கோடி. டவர் கருவி விற்பவர்களின் ஒரே ஒரு வாடிக்கையாளர் இரண்டே வருடத்தில் செலவைக் கால் பங்குக்கு மேல் குறைத்திருக்கிறார். மற்ற கம்பெனிகளும் ஏறக்குறைய இதே பாதையில்தான் போயின. டவரில் மாட்டும் ரேடியோக்களின் உலகச் சந்தை 2022இல் சுமார் 4,500 கோடி டாலராக இருந்தது, 2024இல் 3,500 கோடி டாலருக்கு வந்துவிட்டது.

காரணம் ஒன்றல்ல. 5ஜி அலைக்கற்றைக்குக் கொட்டிக் கொடுத்த பணம் முதலாவது. 2021 ஏலத்தில் வெரைசன் மட்டும் 4,500 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது. அடுத்து வட்டி ஏறியது. சிப் தட்டுப்பாட்டுக் காலத்தில் பயந்து வாங்கி அடுக்கிய சரக்கு கிடங்கில் கிடந்தது, அதைத் தீர்க்காமல் புது ஆர்டர் போட யாருக்கும் மனம் வரவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, 5ஜி வந்ததற்காக போன் வைத்திருப்பவர் யாரும் கூடுதலாகப் பணம் தரவில்லை. நம் ஊரிலேயே ஜியோவும் ஏர்டெல்லும் ரொம்ப நாள் அதைச் சாதாரண பிளானோடு சேர்த்துத்தானே கொடுத்தன?

இந்த வறட்சியில் மேற்கத்திய நாடுகளின் இரண்டு பெரிய டவர் கருவி விற்பனையாளர்களான எரிக்சனும் நோக்கியாவும் எப்படிப் பிழைத்தார்கள் என்பதுதான் இங்கே கேள்வி. சீனாவின் ஹுவாவேயைச் சேர்க்கவில்லை. அமெரிக்கச் சந்தை அதற்கு மூடியிருக்கிறது, சீனச் சந்தை பெரும்பாலும் சீனக் கம்பெனிகளுக்குத்தான். சாம்சங் டவர் வியாபாரத்தை மட்டும் நம்பி இருக்கும் கம்பெனி இல்லை. ஆக, ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் இருக்கும் எரிக்சனும் பின்லாந்தின் எஸ்போவில் இருக்கும் நோக்கியாவும்தான்.

முதலில் இருவரையும் ஒரு வருடம் காப்பாற்றியது இந்தியா. 2022 அக்டோபரில் தொடங்கிய 5ஜியை இங்கே அடித்துப்பிடித்து நாடு முழுக்கப் போட்டார்கள். ஜியோ, ஏர்டெல் இரண்டுமே இரு கம்பெனிகளிடமும் வாங்கின. நோக்கியாவின் இந்திய விற்பனை 2023இல் இரண்டு மடங்குக்கு மேல் போனது. ஆனால் இந்தியாவில் கிடைக்கும் விலை அமெரிக்க விலை அல்ல. விற்பனை ஏறினாலும் லாப விகிதம் இறங்கியது. டவர்கள் ஒரு வழியாக நிமிர்ந்ததும் 2024இல் இந்திய ஆர்டரும் மளமளவென்று சரிந்தது, இருவருக்குமே.

சரி, வித்தியாசம் எங்கே? சரக்கில் இருந்தது என்பேன்.

5ஜியின் ஆரம்ப வருடங்களில் நோக்கியா சிப் விஷயத்தில் சறுக்கியது. தனக்கென வடிவமைத்த சிப்புக்குப் பதிலாக விலை கூடிய, மின்சாரம் அதிகம் குடிக்கும் பொதுப்பயன் சிப்புகளை வைத்து ரேடியோ செய்ய வேண்டி வந்தது. விளைவு, 2020இல் வெரைசனின் பெரிய ஒப்பந்தம் சாம்சங் கைக்குப் போனது. பின்னால் நோக்கியா சொந்தச் சிப்புக்கு மாறி 2021இல் 17 கிலோ எடையில் ஒரு 5ஜி ரேடியோவைக் கொண்டுவந்து, இந்த ரகத்தில் இதுதான் லேசானது என்றது. சீக்கிரமே எரிக்சன் 12 கிலோவில் ஒன்றை இறக்கியது. ஐந்து கிலோ பெரிய விஷயமா என்று கேட்கலாம். ஆள் டவரில் ஏறி மாட்டும் பொருள் அது. எடை கூடினால் டவர் தாங்குமா என்று பார்க்க வேண்டும், காற்றழுத்தம் பார்க்க வேண்டும், சில இடங்களில் டவர் வாடகையும் கூடும். பணம் தாராளமாகப் புழங்கும் நேரத்தில் இதையெல்லாம் பொறுத்துப் போவார்கள். கை இறுகிய நேரத்தில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒவ்வொரு வாட்டுக்கும் கணக்குப் பார்ப்பார்கள்.

அப்படி ஒருவர் கணக்குப் பார்த்த நாள் 2023 டிசம்பரில் வந்தது. அமெரிக்காவின் இன்னொரு பெரிய மொபைல் கம்பெனியான ஏடி அண்ட் டி ஐந்து வருடத்துக்கு 1,400 கோடி டாலர் வரை எரிக்சனுக்கு என்று அறிவித்தது. அதுவரை அங்கே நோக்கியாவும் ஒரு விற்பனையாளர். இனி அதன் ரேடியோக்களை இறக்கிவிட்டு எரிக்சனை ஏற்றுவார்கள். தங்கள் மொபைல் நெட்வொர்க் பிரிவின் விற்பனையில் ஏடி அண்ட் டியின் பங்கு 5 முதல் 8 சதவீதம் என்று நோக்கியாவே சொன்னது. பங்கு விலை பலத்த அடி வாங்கியது. இதில் வேடிக்கை, இந்த ஒப்பந்தம் ‘திறந்த நெட்வொர்க்’ என்ற பெயரில் வந்தது. பல கம்பெனிகளின் கருவிகள் ஒன்றோடொன்று சேர்ந்து வேலை செய்ய வேண்டும், யாரிடமும் சிக்கிக்கொள்ளக் கூடாது என்பதுதான் அந்தக் கொள்கை. கடைசியில் பெரும்பங்கு ஒருவருக்கே போய்ச் சேர்ந்தது!

ஆக, டவர் போட்டியில் எரிக்சன் தெளிவாக ஜெயித்தது. 2024இன் மூன்றாம் காலாண்டில் அதன் வட அமெரிக்க விற்பனை 50 சதவீதத்துக்கு மேல் கூடியது.

ஆள்குறைப்பு இருவரிடமும் நடந்தது. எரிக்சன் 2023 பிப்ரவரியில் 8,500 பேர் என்றது. நோக்கியா அதே வருடம் அக்டோபரில், காலாண்டு விற்பனை 20 சதவீதம் விழுந்த அன்று, 14,000 பேர் வரை என்றது.

டவருக்கு வெளியே போட்ட பந்தயத்தில்தான் கதை தலைகீழாகிறது. எரிக்சன் 2022இல் வானேஜ் என்ற கம்பெனியை 620 கோடி டாலருக்கு வாங்கியது. மொபைல் நெட்வொர்க்கின் வசதிகளை மென்பொருள் எழுதுபவர்களுக்கு விற்றுப் புது வருமானம் பார்க்கலாம் என்பது யோசனை. காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த வருடமே வாங்கிய சொத்து அவ்வளவு பெறாது என்று சுமார் 3,200 கோடி குரோனாவை (ஸ்வீடன் நாணயம்) மதிப்பிழப்பாக எழுதித் தள்ள வேண்டி வந்தது. அதில் பெரும்பகுதி வானேஜ். அந்த வருடத்தின் நிகர நஷ்டம் 2,610 கோடி குரோனா. அதாவது அந்த மதிப்பிழப்பு இல்லாவிட்டால் வறட்சி வருடத்திலும் லாபம்தான். 2024இல் இன்னொரு 1,140 கோடி எழுதித் தள்ளினார்கள்.

நோக்கியாவுக்கு வெளிவழி கையிலேயே இருந்தது. 2016இல் அல்காடெல்-லூசெண்ட் என்ற தொலைத்தொடர்புக் கருவிக் கம்பெனியை வாங்கியபோது ஃபைபர், ரவுட்டர், ஆப்டிகல் (டேட்டாவை ஒளியாக அனுப்பும் கருவிகள்) எல்லாம் சேர்ந்தே வந்தன. டவரில் நோக்கியாவை இறக்கிய அதே ஏடி அண்ட் டி, 2024 செப்டம்பரில் ஃபைபருக்கு நோக்கியாவோடு ஐந்து வருட ஒப்பந்தம் போட்டது. அதே வருடம் இன்ஃபினெராவை 230 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்து, 2025 பிப்ரவரியில் முடித்தார்கள். இன்ஃபினெராவின் ஆப்டிகல் கருவிகளை வாங்குபவர்களில் டேட்டா சென்டர் கட்டும் பெரிய இணையக் கம்பெனிகளும் உண்டு. ஏஐ அலையில் செலவைக் குறைக்காதவர்கள் அவர்கள்தான். 2025 ஏப்ரலில் தலைமைக்கு வந்த ஜஸ்டின் ஹோடார்டும் இன்டெலின் டேட்டா சென்டர் பிரிவிலிருந்து வந்தவர். அக்டோபரில் ஏஐ சிப் செய்யும் என்விடியா 100 கோடி டாலர் போட்டுப் பங்கு எடுத்தது.

பழைய கதை ஒன்றும் இங்கே பொருந்துகிறது. 2001இல் தொலைபேசிக் கம்பெனிகளின் செலவு நின்றபோது அவற்றுக்குக் கருவி விற்ற லூசெண்டும் நார்டெலும் சரிந்தன. நார்டெல் 2009இல் திவாலானதும் அதன் செல்லுலார் பிரிவை ஏலத்தில் எடுத்தது எரிக்சன். தோற்றது நோக்கியாவின் அப்போதைய கூட்டு நிறுவனமான நோக்கியா சீமென்ஸ். லூசெண்ட், அல்காடெலோடு சேர்ந்து கடைசியில் நோக்கியாவிடம் வந்தது. இருவரின் இன்றைய பலமும் ஓரளவு போன வறட்சியில் விழுந்தவர்களின் சொத்துதான்.

வாடிக்கையாளரிடம் பணமே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வோடஃபோன் ஐடியா போதும். 2024 ஜூனில் பழைய பாக்கிக்குப் பதிலாகப் பங்குகளையே கொடுத்தது: நோக்கியாவுக்கு சுமார் ₹1,520 கோடிக்கு, எரிக்சனுக்கு சுமார் ₹938 கோடிக்கு, பங்கு ஒன்று ₹14.80 என்ற கணக்கில். அந்த வருடம் முடிவதற்குள் சந்தை விலை ₹10க்குக் கீழே போய்விட்டது. அப்படியும் செப்டம்பரில் அதே கம்பெனியின் ₹30,000 கோடி ஆர்டரில் இருவரும் சாம்சங்கோடு பங்கு போட்டுக்கொண்டார்கள். வேண்டாம் என்று சொல்லும் நிலையில் இருவருமே இல்லை.

என் கணக்கில், ரேடியோ மட்டும் பார்த்தால் எரிக்சன். கம்பெனியாகப் பார்த்தால், மொபைல் கம்பெனிகளின் தயவு இல்லாமலும் ஓடக்கூடியது நோக்கியா. எரிக்சனின் ஒழுங்கும் நோக்கியாவின் திசையும் ஒரே இடத்தில் இருந்திருந்தால் இந்த அலசலுக்கே வேலை இருந்திருக்காது.

நம் பக்கத்தில் இன்னும் ஒரு குழப்பம் உண்டு. ‘நோக்கியாதான் மூடிவிட்டானே’ என்பவர்கள் சொல்வது 2014 நவம்பரில் நின்றுபோன ஸ்ரீபெரும்புதூர் போன் தொழிற்சாலையை. டவர் கருவி செய்யும் ஒரகடம் தொழிற்சாலை வேறு, அது ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே வேலைக்குப் போக நினைப்பவர்கள் போன் விற்பனையைப் பார்க்க வேண்டாம். ஏர்டெல்லும் ஜியோவும் காலாண்டு அறிக்கையில் மூலதனச் செலவு என்று எவ்வளவு போடுகிறார்கள் என்று பார்த்தால் போதும்.