அம்பாசிடரில் பிளாட்டினம் போய் எலக்ட்ரானிக் இக்னிஷன்: தொப்பூர் ஏற்றத்தில் சில வருட அனுபவம்

பழைய பெட்ரோல் அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் என் வண்டியின் பானெட்டைத் திறந்து பார்த்தால் முதலில் கேட்பது இதைத்தான்: "எலக்ட்ரானிக் போட்டீங்களே, பிக்கப் ஏறிச்சா?" ஏறவில்லை. புதுப் பிளாட்டினம் (காயிலின் மின்சாரத்தை அறுக்கிற தொடுமுனை) போட்டு, இடைவெளி சரியாக வைத்து, டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) பார்த்து விட்ட அன்றைக்கு வண்டி எப்படி இழுக்குமோ அப்படித்தான் இப்போதும் இழுக்கிறது. ஆனால் முன்பு அந்த இழுவை சில வாரங்கள்தான் நிற்கும். இப்போது நாலைந்து வருடமாக நிற்கிறது. நான் காசு கொடுத்தது அதற்காக, கொடுத்தது வீண் போகவில்லை.

வண்டி 1984 மாடல் மார்க் 4. 1489 சிசி பி.எம்.சி. இன்ஜின், பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்ப லூகாஸ் டிவிஎஸ் டிஸ்ட்ரிபியூட்டர். வீடு தருமபுரியில். பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூருக்கும், தொப்பூர் இறங்கி சேலத்துக்கும் அடிக்கடி போகிற வண்டி. சொந்தக்காரர்கள் வந்தால் ஒகேனக்கல். ஷெட்டில் துணி போர்த்தி வைக்கிற வண்டி இல்லை என்பதால்தான் இவ்வளவு விவரமாக எழுத முடிகிறது.

பிளாட்டினத்தின் வேலை எளிமையானது. காயிலுக்குப் போகும் மின்சாரத்தைச் சரியான நொடியில் அறுத்துவிட வேண்டும். அறுந்த அந்த நொடியில் காயிலில் எழும் உயர் மின்னழுத்தம்தான் பிளக்கில் தீப்பொறியாகத் தெறிக்கிறது. 1910இல் கேடில்லாக் காருக்காக சார்லஸ் கெட்டரிங் கொடுத்த அமைப்பு இது. அடிப்படை மாறாமல் நம் ஊர் அம்பாசிடர் வரைக்கும் வந்து சேர்ந்தது. கிரைஸ்லர் 1973லேயே அமெரிக்காவில் தன் கார்கள் எல்லாவற்றுக்கும் எலக்ட்ரானிக் இக்னிஷன் கொடுத்துவிட்டது. அதற்குப் பத்து வருடம் கழித்து வந்த என் வண்டியில் பிளாட்டினம்தான் இருந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் அதன் பாடு புரியும். நாலு சிலிண்டர் இன்ஜின் 3000 சுற்றில் ஓடும்போது டிஸ்ட்ரிபியூட்டர் 1500 சுற்று சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு நாலு தடவை திறந்து மூடினால் நிமிடத்துக்கு 6000, நொடிக்கு 100. 3 ஓம் காயிலாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் 4 ஆம்பியர் வரை அறுக்கிறது. முனையில் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடும் விழத்தானே செய்யும்? இன்னொரு பக்கம், முனையைத் திறந்து விடுகிற கேமில் உரசும் ஃபைபர் குதிகால் தேய்கிறது. அது தேயத் தேய இடைவெளி சுருங்கும். சுருங்கினால் முனை தாமதமாகத் திறக்கும், டைமிங் பின்னால் போகும். இது ஒரே நாளில் நடப்பதில்லை. அதனால் ஓட்டுகிறவனுக்குத் தெரிவதும் இல்லை.

எனக்கு அதைக் காட்டிக் கொடுத்தது தொப்பூர்தான். சேலத்திலிருந்து திரும்பும்போது கணவாய் முழுக்க ஏற்றம். முன்னால் பாரம் ஏற்றிய லாரி ஊர்ந்து கொண்டிருக்கும், நாமும் இரண்டாவது கியரிலேயே போக வேண்டும். டைமிங் பின்னால் போன வண்டியில் இந்த இடத்தில் டெம்பரேச்சர் முள் மேலே போகும், ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் இன்ஜின் முனகும், மூன்றாவது போட்டால் அடங்கிவிடும். கார்புரேட்டரைக் கழற்றுவார்கள், பெட்ரோல் பம்பைச் சந்தேகப்படுவார்கள். கடைசியில் பார்த்தால் பிளாட்டினம் இடைவெளி பாதியாகியிருக்கும். லூகாஸுக்கு 15 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு), அதாவது 0.38 மில்லிமீட்டர் சுற்றி இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் இல்லாமல் விசிட்டிங் கார்டைச் செருகி அதை வைக்கிற கைகள் நம் ஊரில் நிறைய. அனுபவத்தில் அது ஓரளவு சரியாகவும் வரும். ஆனால் இன்று கிடைக்கிற டூப்ளிகேட் பிளாட்டினத்தில் குதிகால் அவ்வளவு மென்மையாக இருக்கிறது. சரியாக வைத்தாலும் நிற்பதில்லை. பிளாட்டினத்தோடு சேர்ந்து வேலை செய்யும் கண்டென்சரும் அப்படித்தான். சூடேறியதும் வேலையை நிறுத்திவிட்டு, ஆறியதும் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடும். எலக்ட்ரானிக்குக்கு மாறியதற்குப் பாதிக் காரணம் இந்த உதிரிபாகங்களின் தரம்தான். ஒரிஜினல் பிளாட்டினமும் கண்டென்சரும் தடையில்லாமல் கிடைத்தால் அவசரப்பட்டிருக்க மாட்டேன்.

நான் போட்டிருப்பது காந்த வளையமும், காந்தத்தை உணரும் ஹால் சென்ஸரும் கொண்ட வகை. பிளாட்டினம் உட்காரும் தட்டில் ஒரு சின்ன கறுப்பு மாட்யூல். கேமின் மேல், ரோட்டருக்கு அடியில், நாலு காந்தம் பதித்த ஒரு வளையம். காந்தம் சென்ஸரைத் தாண்டும்போது மாட்யூல் மின்சாரத்தை அறுக்கிறது. உரசல் இல்லை, தேய்மானம் இல்லை. வெளியே வருவது இரண்டே ஒயர்: சிவப்பு காயிலின் பிளஸ்ஸுக்கு, கறுப்பு மைனஸுக்கு. டிஸ்ட்ரிபியூட்டரின் மேல் மூடியான கேப்பை மூடிவிட்டால் ஒயர் ஒன்று கூடுதலாக வருவதைத் தவிர வெளியே எதுவும் தெரியாது. பழமை கெடக்கூடாது என்று நினைப்பவர்களுக்கு இது நிம்மதி.

மாட்டுவது அரை மணி நேர வேலை என்று அட்டைப் பெட்டியில் போட்டிருந்தது. எங்கள் மேஸ்திரி ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொண்டார். அந்த ஒரு நாள்தான் இத்தனை வருடத்தையும் காப்பாற்றுகிறது என்பது என் உறுதியான எண்ணம். கேப்பைத் திறந்ததும் அவர் மாட்யூலைத் தொடவே இல்லை. ரோட்டர் அச்சை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினார். லேசாக ஆடியது. "தம்பி, புஷ் போயிருக்குது. இத வச்சிக்கிட்டு மேல என்ன போட்டாலும் ஆடத்தான் செய்யும்" என்றார். டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கி புஷ் மாற்றினார். வேகத்துக்கேற்ப டைமிங்கை முன்னே தள்ளும், அடியில் இருக்கும் அட்வான்ஸ் எடைகள் பழைய கிரீஸில் ஒட்டிக் கிடந்தன, ஒரு ஸ்பிரிங் நீண்டிருந்தது. வேகுவம் டயாஃப்ரத்தை வாயால் உறிஞ்சிப் பார்த்தார், பிடித்து நின்றது. தட்டிலிருந்து பாடிக்குப் போகும் பின்னல் எர்த் ஒயர் நூலாகத் தொங்கியது, அதையும் மாற்றினார். இந்த மாட்யூலுக்கு எர்த் அந்த ஒயர் வழியாகத்தான் வருகிறது. அது அறுந்தால் கிட் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடுவோம்.

அடுத்து காயில். மல்டிமீட்டரில் பிரைமரி 3 ஓம் பக்கம் காட்டியது. ஒன்றரை ஓம் காயிலை, கூட வர வேண்டிய ரெஸிஸ்டர் இல்லாமல் நேராகக் கொடுத்தால் மின்சாரம் இரண்டு மடங்காகும், மாட்யூல் வெந்துவிடும். பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்பதையும் பாருங்கள். பழைய பிரிட்டிஷ் வகை வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் எர்த் இருக்கும், அதற்குத் தனி கிட். பிளக் ஒயர் வெறும் செம்புக் கம்பியாக இருந்தால் கார்பன் ஒயராக மாற்றிவிட வேண்டும். செம்பு எழுப்பும் மின் இரைச்சலில் மாட்யூல் தடுமாறி மிஸ்ஸிங் வரும். கடைசியாக டைமிங் லைட். பழைய பிளாட்டினம் திறந்த அதே புள்ளியில் சென்ஸர் அறுக்காது, அதனால் டைமிங்கை முதலிலிருந்து வைக்க வேண்டும். காதால் கேட்டு வைப்பவர்கள் இந்த ஒரு தடவையாவது லைட்டைப் பிடித்துப் பாருங்கள். புல்லி மேல் சுண்ணாம்பால் போட்ட கோடு முன்னெல்லாம் விளக்கொளியில் நடுங்கும். மாற்றிய பிறகு அது ஆணியடித்த மாதிரி நின்றதை நானே குனிந்து பார்த்தேன்.

அதற்குப் பிறகு என்ன மாறியது? காலையில் செல்ஃப் அடித்தவுடன் பிடிக்கிறது, சோக் குறைவாகப் போதும். ஐட்லிங் சீராக நிற்கிறது. மைலேஜ் கூடவில்லை, குறையாமல் இருக்கிறது. தீப்பொறி பெரிதாகிவிடும் என்று விளம்பரத்தில் சொல்வதை நம்ப வேண்டாம். காயில் அதே காயில்தான், அதை அறுக்கும் கைதான் வேறு. அதனால் பிளக் இடைவெளியை நான் 25 தவ்விலேயே விட்டிருக்கிறேன். தொப்பூர் ஏற்றத்தில் முள் இப்போது தன் இடத்தில் நிற்கிறது.

எலக்ட்ரானிக் தீர்க்காத விஷயங்களும் உண்டு. மார்கழியில் ஓசூர் பக்கம் விடியற்காலைப் பனியில் கேப்புக்குள் ஈரம் கட்டினால் வண்டி அடம்பிடிக்கத்தான் செய்யும். கேப், ரோட்டர், ஒயர் எல்லாம் பழைய கதைதான். சித்திரை வெயிலில் ஒகேனக்கல்லிலிருந்து பென்னாகரம் ஏறி வந்து நிறுத்தினால் பெட்ரோல் பம்பில் ஆவி அடைத்துக்கொள்வதும் நடக்கிறது. உடனே எல்லோரும் மாட்யூல் மேல் பழி போடுவார்கள். ஒரு உபரி பிளக்கை ஒயரில் மாட்டி, இன்ஜின் பிளாக்கில் நன்றாகப் படும்படி வைத்து செல்ஃப் அடித்தால் பொறி வருகிறதா என்று தெரிந்துவிடும். ஒயரை அந்தரத்தில் பிடித்துப் பார்க்கிற பழக்கம் மட்டும் வேண்டாம். வெளியேற வழியில்லாத மின்னழுத்தம் காயிலையோ மாட்யூலையோ உடைத்துக்கொண்டு போகும்.

நடுவில் மாட்யூல் ஒரு தடவை செத்தது. பென்னாகரத்தில் ஒரு கல்யாணம். வண்டியில் உட்கார்ந்திருந்த மச்சான் பாட்டுக் கேட்க இக்னிஷனைப் போட்டு வைத்திருக்கிறார். இன்ஜின் ஓடாமல் இக்னிஷன் மட்டும் ஆனில் கிடந்தால் காயில் வழியாக மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கலாம். நான் வந்து தொட்டபோது காயிலில் கை வைக்க முடியவில்லை. செல்ஃப் சுற்றியது, பொறி இல்லை. பிளாட்டினம் இப்படிச் சாகாது. அது முதலில் இருமும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் வீடு வரைக்கும் வந்துவிடும். மாட்யூலில் அந்த நடுநிலை கிடையாது: இருந்தால் முழுசாக இருக்கும், போனால் முழுசாகப் போகும். இந்த மாற்றத்தில் நான் கொடுக்கும் உண்மையான விலை இதுதான்.

டிக்கியில் இடைவெளி வைத்துத் தயாராக இருந்த பழைய பிளாட்டினத் தட்டும் கண்டென்சரும் அன்றைக்குக் காப்பாற்றின. ரோட்டர், காந்த வளையம், மாட்யூல் தட்டு என்று வரிசையாக எடுத்துவிட்டு அதை வைத்து இறுக்கினால் முடிந்தது. டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பாததால் டைமிங் கொஞ்சம் தள்ளியிருந்தும் தருமபுரி வந்து சேர்ந்தோம். புது மாட்யூல் வாங்கியபோது பாதி விலையில் ஒன்றைக் கடைக்காரர் காட்டினார். பெயரும் இல்லை, காயில் எத்தனை ஓம் என்ற குறிப்பும் இல்லை. அந்தக் குறிப்பு இல்லாத கிட்டை யாரும் வாங்காதீர்கள்.

மாதம் ஒரு தடவை, ஆயுத பூஜைக்கு ஒரு தடவை என்று எடுக்கிற வண்டிக்கு இது தேவையில்லை. அந்த ஓட்டத்துக்கு நல்ல பிளாட்டினம் வருடக் கணக்கில் வரும். பேட்டரி அடிக்கடி படுத்துவிடுகிற வண்டிக்கும் யோசித்துப் போடுங்கள். செல்ஃப் சுற்றும்போது மின்னழுத்தம் ரொம்ப விழுந்தால் மாட்யூல் விழிக்காது. வாரம் முழுக்க ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் என்று ஓடுகிற வண்டியா, தயங்காமல் போடலாம்.

போட்ட பிறகு கேப்பைத் திறக்கவே வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள், அது சரியில்லை. பிளாட்டினம் இருந்த காலத்தில் இடைவெளி பார்க்கத் திறக்கும்போது எண்ணெயும் விட்டுவிடுவோம். இப்போது திறக்கக் காரணம் இல்லாமல் போனதால் அச்சு காய்கிறது, எடைகள் இறுகுகின்றன, வேகத்துக்கேற்ப டைமிங் முன்னேறாமல் நிற்கிறது. நான் ஒவ்வொரு இன்ஜின் ஆயில் மாற்றும்போதும் ரோட்டரை உருவி, அச்சின் தலையில் இரண்டு சொட்டும், தட்டின் ஓட்டை வழியாக எடைகளுக்கு இரண்டு சொட்டும் விட்டு, ரோட்டரைக் கையால் திருகி விட்டுப் பார்க்கிறேன். விட்டவுடன் ஸ்பிரிங்கில் தானாகத் திரும்பி வந்தால் சரி.