முழு நாட்டின் உதைபந்தாட்ட அணி எது? மட்டக்களப்பிலிருந்து ஓர் ஒப்பீடு

2021இல் இலங்கையில் தொழில்முறை சுப்பர் லீக் தொடங்கியபோது பத்துக் கழகங்கள் களமிறங்கின. கொழும்பு எப்.சி., ரினௌன், ரட்னம், களுத்துறை புளூ ஸ்டார், பேருவளை ரெட் ஸ்டார்ஸ், வென்னப்புவ நியூ யங்ஸ், நாவலப்பிட்டி அப் கன்ட்ரி லயன்ஸ் ஆகிய ஏழும், தரைப்படையின் டிபெண்டர்ஸ், கடற்படையின் சீ ஹோக்ஸ், விமானப்படையின் புளூ ஈகிள்ஸ் ஆகிய மூன்றும். இவற்றை ஒரு வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். மேல் மாகாணத்தில் ஐந்து, வடமேற்கில் ஒன்று, மத்தியில் ஒன்று, முப்படைக்கு மூன்று. பருத்தித்துறையிலிருந்து பொத்துவில் வரைக்கும் நீளும் கரையில் ஒரு புள்ளிகூட விழாது.

அப்படியிருக்க, இவற்றில் எந்த அணியை முழு நாட்டின் அணி என்று சொல்வது?

பிரதிநிதித்துவம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு யாரும் எதையும் நிறுவிவிடலாம். ஆகவே எண்ணிப் பார்க்கக்கூடிய மூன்று விடயங்களை எடுப்போம். வீரர்கள் எத்தனை மாவட்டங்களில் பந்தை உதைக்கப் பழகியவர்கள்? எந்த வாசலால் அணிக்குள் வந்தார்கள்? அந்த அணி கொழும்புக்கு வெளியே எத்தனை ஊர்களில் ஆடியிருக்கிறது?

முதல் கேள்விக்குப் பிறந்த இடத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம். இடப்பெயர்வும் தொழிலும் பிள்ளைகளை எங்கெங்கோ பிறக்க வைத்த நாடு இது. வீரரின் முதல் கழகத்தை அல்லது பாடசாலையை எடுங்கள். ஸ்பெயினின் அத்லெட்டிக் பில்பாவோ நூறு ஆண்டுகளுக்கு மேலாக பாஸ்க் பிரதேச வீரர்களை மட்டுமே ஆட வைக்கிறது. அங்கேயும் இரத்தம் மட்டும் அளவுகோல் இல்லை, பாஸ்க் மண்ணில் ஆட்டம் பழகியவரும் அவர்களுடைய வீரர்தான். கானா நாட்டுப் பெற்றோருக்குப் பிறந்த இனாக்கி வில்லியம்ஸ் அந்தச் சீருடையில் இத்தனை ஆண்டுகள் ஆடியது அதனால்தான். மெக்ஸிக்கோவின் குவாடலஹாரா வேறொரு விதியை வைத்திருக்கிறது. மெக்ஸிக்கோ நாட்டவரை மட்டும் சேர்ப்பதால், ஒரு நகரக் கழகமாக இருந்தும் நாடெங்கும் அதற்கு ரசிகர்கள். வாசலில் என்ன விதி எழுதியிருக்கிறதோ, அதைப் பொறுத்தே ஒரு கழகம் யாருடையது என்பது முடிவாகிறது. எங்கள் கழகங்களையும் வாசலில் நின்றே பார்ப்போம்.

படைக் கழகங்கள்

முதற் பார்வையில் இவைதான் தேசிய அணிக்கு மிக நெருங்கியவை. படையில் சேர எந்த மாவட்டத்தவரும் விண்ணப்பிக்கலாம். மாதச் சம்பளம், ஓய்வூதியம், மைதானம், உடற்பயிற்சிக்கூடம், மருத்துவர் எல்லாம் உண்டு. மற்றக் கழகங்களில் வீரர் காயப்பட்டால் சிகிச்சைச் செலவு யார் தலையில் விழும் என்ற கேள்வி வரும். இங்கே வராது. 34 வயதில் ஆட்டத்தை விட்டாலும் வேலை இருக்கும். பந்தை மட்டும் நம்பி வாழ முடியாத நாட்டில் இது சிறிய விடயமில்லை.

ஆனால் உள்ளே வர முதலில் சிப்பாயாக வேண்டும். போருக்குப் பிறகும் வடக்கு கிழக்குத் தமிழ் இளைஞர்கள் முப்படைகளில் சேருவது மிகக் குறைவு. ஏன் என்று இங்குள்ள எவருக்கும் விளக்கத் தேவையில்லை. வாழைச்சேனையில் பதினேழு வயதில் நன்றாக ஆடும் ஒரு பையனிடம் "நல்ல அணி இருக்கிறது, முதலில் படையில் சேர்" என்று சொன்னால், அவனது வீட்டில் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். கதவு அகலமானதுதான், ஆனால் எல்லோராலும் அதனூடாக நடக்க முடியாது. சேவையில் இருக்கும் வீரர் விரும்பிய கழகத்துக்கு மாறவும் இயலாது என்பது இன்னொரு சிக்கல்.

கொழும்பின் பழைய கழகங்கள்

ரினௌன், ரட்னம், சோண்டர்ஸ், ஜாவா லேன் ஆகியவை தோட்டத்து வீடுகளுக்கும் துறைமுகத் தெருக்களுக்கும் நடுவில் வளர்ந்தவை. கொட்டாஞ்சேனையிலும் கொம்பனித்தெருவிலும் தமிழ், முஸ்லிம், மலாய், சிங்களப் பிள்ளைகள் ஒரே ஒழுங்கையில் ஆடிப் பழகுகிறார்கள். மைதானத்தில் "பாஸ் பண்ணுடா" என்பதும் சிங்களத்தில் "தீபங்" (கொடு) என்பதும் ஒரே வாயிலிருந்து வரும். இன, மொழிக் கலப்பில் இவற்றை மிஞ்ச நாட்டில் வேறு கழகம் இல்லை. ஆனாலும் அந்தக் கலப்பு முழுதும் சில சதுரக் கிலோமீற்றருக்குள் அடங்கிவிடுகிறது. வெளி மாவட்டப் பையன் இவற்றில் ஆட வேண்டுமானால் முதலில் கொழும்பில் தங்க அறையும் பகல் வேலையும் தேட வேண்டும். கொழும்பின் நல்ல முகம் இவை. நாடு என்று சொல்ல அது போதாது.

வெளியூர்க் கழகங்கள்

வென்னப்புவ, நாவலப்பிட்டி, களுத்துறை ஆகியவை காட்டிய பாடம் ஒன்று உண்டு. ஒரு சிறிய நகரமும் தொழில்முறைக் கழகத்தைத் தாங்கும். நியூ யங்ஸுக்குப் பின்னால் கரையோர மீனவ ஊர்களின் கத்தோலிக்கப் பாடசாலைகள் நிற்கின்றன. அப் கன்ட்ரி லயன்ஸ் மலைநாட்டிலிருந்து வந்து கொழும்புக் கழகங்களை ஆட்டங்காண வைத்தது.

முதலாவது சுப்பர் லீக்கை வென்றது களுத்துறை புளூ ஸ்டார். அதனால் 2022 ஏப்ரலில் ஆசியக் கழகங்களுக்கான ஏ.எப்.சி. கிண்ணத் தகுதிச் சுற்றுக்குப் போய், நேபாளத்தின் மச்சிந்திராவை 2–1 என வென்றது. அடுத்த ஆட்டத்தில் கொல்கத்தாவில் ஏ.டி.கே. மோகன் பகானிடம் 0–5 எனத் தோற்றது. பெற்றோல் வரிசையும் மின்வெட்டுமாக நாடு திணறிய மாதம் அது. அந்த இரண்டு ஆட்டங்களிலும் புளூ ஸ்டார் களுத்துறைக்காக மட்டும் ஆடவில்லை, இலங்கை என்ற பெயரையே சுமந்துகொண்டு ஆடியது.

எதிரே நிற்பவர் யார் என்பதும் ஒரு கழகத்தை நாடாக்கிவிடும். அதை நன்றாக அறிந்தது மோகன் பகான்தான். 1911இல் ஆங்கிலேயப் படையணியான ஈஸ்ட் யோர்க்‌ஷயரை 2–1 என வீழ்த்தி ஐ.எப்.ஏ. கேடயத்தை எடுத்தபோது, அந்த வங்காளக் கழகம் ஒரே மாலையில் இந்தியாவின் அணியாகிப்போனது.

இருந்தாலும் இந்தப் பெருமை ஆட்டம் முடியும் வரைக்கும்தான். வீரர்களின் முதல் கழகங்களை எண்ணினால் வெளியூர்க் கழகங்களும் தத்தம் மாகாணத்துக்குள்ளேயே பெரும்பாலும் நிற்கின்றன.

தேசிய அணி

கழகங்களை விட்டு இதைச் சேர்ப்பது நியாயமா என்று கேட்கலாம். நியாயம்தான், ஏனென்றால் இன்று இலங்கையின் தேசிய அணியில் முழுநேரத் தொழிலாக ஆடுபவர்கள் முன்னெப்போதையும் விட அதிகம்.

1995இல் கொழும்பில் இந்தியாவைக் கோல்டன் கோலால் (மேலதிக நேரத்தில் விழுந்தவுடன் ஆட்டத்தை முடிக்கும் கோல்) வென்று தெற்காசியத் தங்கக் கிண்ணத்தை எடுத்தது இதே அணி. அதன் பிறகு உலகத் தரவரிசையில் 200ஐயும் தாண்டிக் கீழே போனது. 2021 நவம்பரில் கொழும்பு ரேஸ் கோர்ஸில் நடந்த நான்கு நாடுகள் தொடரில் மாலைதீவுடன் 4–4 எனச் சமநிலை பெற்ற ஆட்டத்தில் நான்கு கோல்களையும் போட்டவர் பெர்லினில் பிறந்த வசீம் ராசிக். இறுதிப் போட்டியில் சீஷெல்ஸிடம் பெனால்டியில் தோற்றாலும், புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் வந்தால் என்ன நடக்கும் என்பதை எல்லோரும் அந்தத் தொடரில் கண்டுகொண்டார்கள். பிறகு லண்டனில் வளர்ந்த டிலன் டி சில்வா, ஜேர்மனியின் கிளவுடியோ காமர்க்னெக்ட், அவுஸ்திரேலியாவின் ஒலிவர் கெலார்ட், சுவீடனின் ஆதவன் ராஜமோகன் எனப் பட்டியல் நீண்டது. 2024 செப்டெம்பரில் கம்போடியாவைப் பெனால்டியில் வென்று ஆசியக் கிண்ண இறுதித் தகுதிச் சுற்றுக்குப் போனார்கள். 2025 ஜூனில் சீன தாய்ப்பேயை (தாய்வான் அணி) 3–1 என வென்றார்கள்.

"வெளிநாட்டில் பிறந்தவன் எப்படி நம்மட ஆள்?" என்ற கேள்வியைக் கிழக்கில் கேட்பது பொருந்தாது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் லண்டனிலோ சுவிஸிலோ கனடாவிலோ உறவில்லாத வீடு எத்தனை? வெளியேறியவரின் பிள்ளையும் இந்த நாட்டின் கதையில் ஒரு பகுதிதான். விதியும் தெளிவாக இருக்கிறது. வீரரிடம் இலங்கைக் குடியுரிமை இருக்க வேண்டும். அதோடு அவரோ, தாய் தகப்பனில் ஒருவரோ, பாட்டன் பாட்டியில் ஒருவரோ இங்கே பிறந்திருந்தால் உலக உதைபந்தாட்ட அமைப்பான பீபா ஏற்றுக்கொள்ளும். சிக்கல் காகிதத்தில் வரும். இடம்பெயர்ந்த குடும்பங்களில் பாட்டியின் பிறப்புச் சான்றிதழ் கிடைப்பது இலகுவல்ல. கிடைத்தாலும் தமிழில் எழுதிய பெயரும் கடவுச்சீட்டில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலும் ஒத்துப்போகாது. பிள்ளைக்குப் பதினைந்து வயதாகும்போதே இதைச் சரிசெய்து வைக்கும் குடும்பம் பின்னர் இரண்டு ஆண்டுகளை இழக்காது.

இன்னொரு சிக்கல் நாட்காட்டியில். வெளிநாட்டுக் கழகங்கள் வீரரை விடுவிக்கக் கடமைப்பட்டது பீபா ஒதுக்கிய நாட்களில் மட்டும். அதற்கு வெளியே தெற்காசியக் கிண்ணம் நடந்தால் பாதிப் பேர் வர மாட்டார்கள். வரும் நாட்களிலும் பயணக் களைப்பு போக, சேர்ந்து பயிற்சி செய்ய மூன்று நான்கு நாள்தான் மிஞ்சும். அணி மூலை உதைகளிலும் ப்ரீ கிக்குகளிலும் தடுமாறுவது இதனால்தான். அவை திறமையைவிட ஒத்திகையில் தங்கியிருப்பவை.

எல்லாவற்றையும்விட மோசமானது நிர்வாகத்தால் வந்தது. வெளித்தலையீடு என்று சொல்லி 2023 ஜனவரி 21இல் பீபா இலங்கையை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் இறுதி வரை தடை நீடித்தது. அந்த ஆண்டின் தெற்காசியக் கிண்ணத்தில் இலங்கை இல்லவே இல்லை. நாட்டின் அணியே நாட்டுக்கு இல்லாமல் போன ஏழு மாதங்கள் அவை.

இத்தனைக்கும் பிறகும், இருக்கும் அணிகளில் தேசிய அணியையே முதலிடத்தில் வைக்கிறோம். மன்னாரின் டக்சன் பியூஸ்லஸ் இந்த அணியின் பின்களத்தில் நின்றதும், மாலைதீவுக் கழகத்தில் ஆடியதும், 2022 பெப்ரவரியில் அங்கே காலமானபோது வடக்கும் தெற்கும் ஒன்றாகக் கலங்கியதும் அதற்குக் காரணம். வேறு எந்த அணியின் வீரருக்கும் அந்தத் துக்கம் நாடளாவியதாக இருந்திராது. ஆனால் 23 பேர் பட்டியலில் வெளிநாட்டில் பழகியவர்களைக் கழித்துவிட்டு, மிஞ்சியவர்களின் முதல் கழகங்களை மாவட்டவாரியாக எண்ணுங்கள். சுப்பர் லீக் வரைபடத்தின் வெற்றிடம் அப்படியே அங்கேயும் தெரியும்.

இல்லாத அணி

நாட்டைப் போலவே தோற்றமளிக்கக்கூடிய கழகம் ஒன்றைக் கிழக்கில்தான் கட்ட முடியும். 2012 குடிசன மதிப்பீட்டின்படி கிழக்கு மாகாணத்தில் தமிழர் ஏறத்தாழ 40, முஸ்லிம்கள் 37, சிங்களவர் 23 சதவீதம். வேறு எந்த மாகாணத்திலும் மூன்று சமூகங்கள் இவ்வளவு நெருங்கிய எண்ணிக்கையில் இல்லை.

காலநிலையும் சாதகம். எங்கள் மழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை பெய்து தீர்க்கும். அப்போது மைதானங்களில் தண்ணீர் நிற்கும். மே முதல் செப்டெம்பர் வரை கொழும்பில் தென்மேற்கு மழை ஆட்டங்களைக் குழப்பும்போது, இங்கே கச்சான் காற்று வீசி நிலம் காய்ந்து கிடக்கும். அந்த ஐந்து மாதத்தில் மட்டக்களப்பு வெபர் மைதானத்திலும் அம்பாறையிலும் ஆட்டங்களை வைத்தால் தொடர் தடைப்படாது. கச்சான் நாட்களில் மாலை நான்கு மணிக்கு முன் ஆட்டத்தைத் தொடங்கக் கூடாது. ஒவ்வொரு பாதியிலும் முப்பதாவது நிமிடத்தில் தண்ணீர் இடைவேளை வேண்டும். முதல்நாள் மாலை மைதானத்துக்கு நீர் தெளிக்காவிட்டால் பந்து துள்ளிக்கொண்டே போகும், கட்டுப்படாது. திருகு ஆணிச் சப்பாத்துகள் காய்ந்த நிலத்தில் கணுக்காலைத் திருப்பிவிடும். அடியோடு வார்த்த குட்டை ஆணிகளே பொருத்தம்.

செலவில் பெரியது பயணம். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குத் தரைவழியாக 300 கிலோமீற்றருக்கு மேல், பஸ்ஸில் ஏழெட்டு மணித்தியாலம். பத்துக் கழகத் தொடரில் ஒன்பது வெளியூர் ஆட்டங்களில் பெரும்பாலானவை மேற்கில் நடந்தால், ஒரு பருவத்தில் ஐயாயிரம் கிலோமீற்றரையும் தாண்டும். ரினௌன் ரட்னத்துடன் ஆடப் போவது அடுத்த தெருவுக்குப் போவது போல. ஆட்டநாள் அதிகாலையில் புறப்பட்டு மாலையில் ஆடும் அணி இரண்டாம் பாதியில் கால் இழந்துவிடும். முதல்நாளே போய்த் தங்கியாக வேண்டும். மட்டக்களப்புக்காவது இரயில் உண்டு. கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் அதுவும் இல்லை.

ஆனால் உண்மையான தடை தூரமும் பணமும் அல்ல. இங்கே கழகம் என்றால் ஊர்க் கழகம். ஏறாவூரும் செங்கலடியும், காத்தான்குடியும் ஆரையம்பதியும், மருதமுனையும் பாண்டிருப்பும் வீதியோரம் தோளோடு தோள் நிற்கின்றன, கழகங்கள் மட்டும் ஊரெல்லையில் நின்றுவிடுகின்றன. ஒரு ஊரின் கழகத்தை எடுத்து "கிழக்கு" என்று பெயர் மாற்றினால் அடுத்த ஊர் அதை ஒருநாளும் ஏற்காது. இறுதிப் போட்டியில் ஒரு தவறான ஓப்சைட் தீர்ப்பே சண்டைக்குப் போதும். பழைய கழகம் எதையும் உயர்த்தாமல் புதிதாகவே தொடங்க வேண்டும்.

இனவாரியாகப் பதினொருவரில் பங்கு பிரிப்பதும் தவறு. அப்படித் தேர்வான வீரரைப் பார்த்துப் பக்கத்தில் நிற்பவரே "கோட்டாவில் வந்தவன்" என்பார். பங்கை வைக்க வேண்டிய இடம் தேர்வு நடக்கும் மைதானம். மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை நகர் என மூன்று இடங்களில், மூன்று சனிக்கிழமைகள், பிற்பகல் 3.30க்கு வையுங்கள். வெள்ளியில் ஜும்ஆ, ஞாயிறில் திருப்பலியும் தனியார் வகுப்பும் இருப்பதால் சனிதான் எல்லோருக்கும் ஒத்துவரும் நாள். முதலில் ஆறுக்கு ஆறாகச் சிறிய களத்தில் பத்து நிமிட ஆட்டங்கள், பிறகு முழு மைதானத்தில் இருபது நிமிடம். தெரிவாளர் மூவரில் ஒருவராவது மாகாணத்துக்கு வெளியிலிருந்து வரட்டும். வரும் பையன்களுக்கு எண் போட்ட மேலங்கி கொடுத்து, தெரிவாளரின் தாளில் எண்ணை மட்டும் எழுதுங்கள். இங்கே பெயரைக் கேட்டாலே ஊர் தெரிந்துவிடும், ஊர் தெரிந்தால் மற்றதும் தெரிந்துவிடும். கடைசி எண் எழுதி முடியும் வரை பெயர்ப் பட்டியல் உறைக்குள் இருக்கட்டும்.