கெம்ப்டனா, லெபர்ட்ஸ்டவுனா, ட்ரமோரா: கோல்டு கப் குதிரையின் கிறிஸ்துமஸ் கணக்கு

கோடை முழுக்கப் புல்வெளியில் மேய்ந்து உடம்பு போட்ட குதிரைகள் தொழுவத்துக்குத் திரும்பியதும், பிரிட்டனிலும் அயர்லாந்திலும் டிரெயினர்களை எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இந்தத் தடவை எந்த வழி? தடுப்பு தாண்டும் ரேஸின் முக்கியமான மாதங்கள் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை. அதற்குள் ஒரு முதல் தரக் குதிரை நான்கு தடவை ஓடும், மிஞ்சிப்போனால் ஐந்து. கிண்டியிலும் ஊட்டியிலும் தடுப்பில்லாத ரேஸைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது கஞ்சத்தனமாகத் தெரியலாம். ஆனால் இந்தக் குதிரைகளின் பெரிய குறியான, இங்கிலாந்தின் செல்ட்னம் கோல்டு கப்பில் குதிரை 74 கிலோவைச் சுமந்துகொண்டு மூன்றேகால் மைலுக்குக் கொஞ்சம் கூடவே ஓடி, 22 தடுப்புகளைத் தாண்ட வேண்டும். அந்த மாதிரி ஓட்டத்தை வாராவாரம் ஓடச் சொல்ல முடியாது.

அதனால் திட்டம் பின்னாலிருந்துதான் தொடங்கும். மார்ச் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை, செல்ட்னம். அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்தால் நிஜமான முடிவு எடுக்க வேண்டிய இடம் கிறிஸ்துமஸ் வாரம். டிசம்பர் 26 அன்று இங்கிலாந்தில் கெம்ப்டன், 28 அன்று அயர்லாந்தில் லெபர்ட்ஸ்டவுன். இரண்டும் வேண்டாம் என்றால் ஜனவரி 1 அன்று ட்ரமோர் என்ற சின்ன மைதானம். கோல்டு கப்தான் குறி என்றால் நான் லெபர்ட்ஸ்டவுன் கட்சி. ஏன் என்று பார்ப்போம்.

கெம்ப்டனில் நடப்பது கிங் ஜார்ஜ் சேஸ் (பெரிய தடுப்புகளைத் தாண்டும் ரேஸைத்தான் சேஸ் என்பார்கள்). மூன்று மைல், 18 தடுப்பு. 1937இல் தொடங்கிய ரேஸ், 1947 முதல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நடக்கிறது. குதிரை உலகில் இதன் மவுசு தனி. டெசர்ட் ஆர்க்கிட் நான்கு முறையும் கவுட்டோ ஸ்டார் ஐந்து முறையும் ஜெயித்த இடம். மைதானம் வலப்பக்கம் சுற்றுகிறது, மேடு பள்ளம் கிடையாது. தடுப்பை வேகம் குறையாமல் தாண்டி, இறங்கியதும் உடனே ஓட்டத்தைப் பிடிக்கிற குதிரைக்கு இது சொர்க்கம்.

சிக்கல் என்னவென்றால் செல்ட்னம் இதற்கு நேர்மாறு. இடப்பக்கச் சுற்று, ஏறி இறங்கும் தரை, சரிவில் இறங்கி வரும்போதே ரேஸ் சூடுபிடிக்கும். கடைசித் தடுப்பைத் தாண்டிய பிறகும் இருநூறு கெஜத்துக்கு மேல் ஏற்றம் பாக்கி இருக்கும். கெம்ப்டனில் சிரமமே இல்லாமல் வந்த குதிரை அந்த ஏற்றத்தில் கால் கனத்து நிற்பதைப் பல வருஷம் பார்த்தாயிற்று.

பட்டியலைப் பாருங்கள். ஒரே சீசனில் கிங் ஜார்ஜும் கோல்டு கப்பும் ஜெயித்த குதிரைகளில் ஆர்க்கிள், டெசர்ட் ஆர்க்கிட், பெஸ்ட் மேட், கிக்கிங் கிங், கவுட்டோ ஸ்டார் எல்லாம் உண்டு. கடைசியாக 2011இல் லாங் ரன். அதற்குப் பிறகு 2025 மார்ச் வரை ஒன்றுகூட இல்லை. லாங் ரன் விஷயத்திலும் ஒரு கொசுறு உண்டு: அந்த வருஷம் கடும் பனியால் கிங் ஜார்ஜ் தள்ளிப்போய் 2011 ஜனவரி நடுவில்தான் நடந்தது. அதாவது கெம்ப்டனுக்கும் செல்ட்னத்துக்கும் நடுவே வழக்கமான 11 வாரம் இல்லை, இரண்டு மாதம்தான். இதை வைத்தே எல்லாம் முடிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 11 வார இடைவெளி ஒரு தலைவலி என்பது உண்மை. சும்மா வைத்திருந்தால் குதிரை மந்தமாகலாம். நடுவில் பிப்ரவரியில் நியூபரியிலோ ஆஸ்காட்டிலோ ஓட்டினால் மார்ச்சுக்கு மிச்சம் வைக்க வேண்டிய சக்தி அங்கே செலவாகலாம். கவுட்டோ ஸ்டார் இரண்டு மாதிரியும் ஜெயித்திருக்கிறது. 2007இல் நடுவே நியூபரியில் ஓடியது, 2009இல் கெம்ப்டனிலிருந்து நேராக செல்ட்னம். ஆனால் கவுட்டோ ஸ்டாரை உதாரணம் காட்டி யாரும் திட்டம் போடக்கூடாது. 2006-07 சீசனில் அது ஆறு ரேஸ் ஓடி ஆறையும் ஜெயித்தது. அதில் ஒன்று இரண்டு மைல், ஒன்று மூன்றேகால் மைல். அப்படி ஒரு குதிரை இருந்தால் திட்டமே தேவையில்லை.

அப்போதைய பாதைக்குப் பத்து லட்சம் பவுண்டு போனஸும் இருந்தது: நவம்பரில் ஹேடாக், டிசம்பரில் கெம்ப்டன், மார்ச்சில் செல்ட்னம், மூன்றும் ஒரே சீசனில். கவுட்டோ ஸ்டார் அதை வாங்கியது. வேறு எந்தக் குதிரையாலும் முடியவில்லை. ஹேடாக் நவம்பரில் பெரும்பாலும் சேறாகிவிடும் என்பது ஒரு காரணம். 2017இல் பிரிஸ்டல் டி மாய் என்ற சாம்பல் நிறக் குதிரை அந்தச் சேற்றில் 57 லெங்த்தில் ஜெயித்தது (ஒரு லெங்த் என்பது ஒரு குதிரையின் நீளம்). மற்ற குதிரைகள் எல்லைக் கோட்டுக்கு வர ரொம்ப நேரம் பிடித்தது. அதே குதிரை அடுத்த மாதம் கெம்ப்டனில் ஜெயிக்கவில்லை. மூன்று மைதானம், மூன்று விதமான தரை. எல்லாவற்றிலும் ஒரே குதிரை முதலில் வர வேண்டும் என்று கேட்பது பணம் கொடுப்பவருக்கு நல்ல யோசனை, குதிரைக்கு இல்லை.

அப்புறம் அந்தப் போனஸுக்கு மிக அருகில் போனது க்யூ கார்டு. 2015 நவம்பரில் ஹேடாக்கில் ஜெயித்தது. கெம்ப்டனில் கடைசித் தடுப்பு தாண்டும்போதும் அயர்லாந்து டிரெயினர் வில்லி முல்லின்ஸின் வாத்தூர்தான் முன்னால். எல்லைக் கோடு நெருங்க நெருங்க க்யூ கார்டு ஒவ்வொரு அடியாக இழுத்துப் பிடித்து, கடைசி அடியில் தலையளவு வித்தியாசத்தில் முந்தியது. இனி செல்ட்னம் ஒன்றுதான் பாக்கி. 2016 மார்ச்சில் அங்கே நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. கடைசியிலிருந்து மூன்றாவது தடுப்பில் விழுந்தது. டான் காஸக் ஜெயித்தது. அந்த டான் காஸக்கும் கிங் ஜார்ஜில் கடைசிக்கு முந்தின தடுப்பில் விழுந்த குதிரைதான். அடுத்த வருஷ கோல்டு கப்பில் க்யூ கார்டு மறுபடி அதே தடுப்பில் விழுந்ததைப் பார்த்தவர்கள் டிவியை அணைத்துவிட்டு எழுந்து போயிருப்பார்கள்.

லெபர்ட்ஸ்டவுன் பாதை வேறு. நவம்பர் கடைசியில் பஞ்செஸ்டவுனில் ஜான் டர்கன் சேஸ், சுமார் இரண்டரை மைல். பிறகு டிசம்பர் 28 அன்று லெபர்ட்ஸ்டவுனில் சாவில்ஸ் சேஸ், மூன்று மைல். பிப்ரவரி தொடக்கத்தில் அதே மைதானத்தில் ஐரிஷ் கோல்டு கப். பிறகு செல்ட்னம். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஐந்து ஆறு வாரம். மைதானம் செல்ட்னம் மாதிரியே இடப்பக்கம் சுற்றுகிறது. குதிரைக்கு மனதில் ஒரு தாளம் பதிந்துவிடும் என்பது டிரெயினர்கள் நம்பும் விஷயம், நானும் நம்புகிறேன்.

கலோபான் டே ஷாம் இந்தப் பாதையின் முகம். 2023-24 சீசனை ஜான் டர்கனில் மூன்றாவதாக வந்து தொடங்கியது. எல்லாரும் உதட்டைப் பிதுக்கினார்கள். சாவில்ஸில் 23 லெங்த்தில் ஜெயித்தது, ஐரிஷ் கோல்டு கப்பில் ஜெயித்தது, செல்ட்னத்தில் இரண்டாவது முறை கோல்டு கப் வாங்கியது. அடுத்த சீசனில் அச்சு அசலாக அதே வரிசை: மூன்றாவது, வெற்றி, வெற்றி. மூன்றாவது கோல்டு கப்பில் மட்டும் இரண்டாம் இடம்.

இந்தப் பாதையில் என்னைக் கவர்ந்தது ஜெயித்த குதிரை அல்ல, தோற்ற குதிரைகள். மினெல்லா இண்டோ 2020 கிறிஸ்துமஸில் லெபர்ட்ஸ்டவுனில் விழுந்தது, பிப்ரவரியில் நான்காவது, மார்ச்சில் கோல்டு கப். 2025இல் கலோபானை முந்தியது ஐநோதவேயூர்திங்கின். அதுவும் பிப்ரவரியில் நான்காவதாக வந்த குதிரை. எ ப்ளூ டார் 2021 டிசம்பரில் சாவில்ஸில் இரண்டாவது, மார்ச்சில் 15 லெங்த்தில் கோல்டு கப். ஆக, லெபர்ட்ஸ்டவுனில் தோற்றால் சீசன் முடிந்ததாக அர்த்தமில்லை. வலுவான குதிரைகளோடு, கிட்டத்தட்ட செல்ட்னம் மாதிரியான மைதானத்தில் மோதி உடம்பு இறுகுகிறது. எதிராளி எந்த இடத்தில் வேகம் கூட்டுவான், எங்கே களைப்பான் என்பது ஜாக்கிக்கும் தெரிந்துவிடுகிறது. கெம்ப்டனில் ஜெயித்தவருக்குக்கூட இந்த அளவு செய்தி கிடைப்பதில்லை.

விலை இல்லாமல் இல்லை. நான்கு முதல் தர ரேஸ், ஏப்ரல் கடைசியில் பஞ்செஸ்டவுனையும் சேர்த்தால் ஐந்து. எந்தக் குதிரையும் வருஷா வருஷம் இதைத் தாங்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இதற்கு மறுகோடி ட்ரமோர். வாட்டர்ஃபோர்டு பக்கம் ஒரு கடலோர ஊர், சின்ன மைதானம், புத்தாண்டு தினக் கூட்டம். வில்லி முல்லின்ஸ் அல் பூம் ஃபோட்டோவை 2019இல் இங்கே ஓட்டி, நேராக செல்ட்னம் கொண்டுபோய் கோல்டு கப் வாங்கினார். 2020இலும் அதே: ட்ரமோர், கோல்டு கப். சீசனில் மற்றவர்கள் மூன்று ரேஸ் ஓடி இரைக்கிற நேரத்தில் இது ஒரே ஒரு ரேஸோடு புத்தம் புதிதாக வந்து நின்றது. 2021இலும் 2022இலும் ட்ரமோரில் ஜெயிக்கத்தான் செய்தது. ஆனால் செல்ட்னத்தில் முதலில் மூன்றாவது, பிறகு ஆறாவது. வயதும் ஏறிக்கொண்டிருந்தது. ட்ரமோர் வழி ஒரு குறிப்பிட்ட குதிரைக்குத் தைத்த சட்டை. கால் வலுவில்லாத குதிரைக்கோ, கடுமையாக ஓடினால் மீள நாளாகிற குதிரைக்கோ யோசிக்கலாம். மற்றவர்கள் காப்பி அடித்தால், ஜனவரியில் ஒரு சின்னச் சளி வந்தாலும் கையில் வேறு தேதி இருக்காது.

நடுவழியும் உண்டு, அதைத்தான் டிரெயினர் ஹென்ரியெட்டா நைட் எடுத்தார். பெஸ்ட் மேட் மூன்று கோல்டு கப் ஜெயித்தது 2002, 2003, 2004இல். கடைசி இரண்டு சீசனிலும் செல்ட்னத்துக்கு முன் இரண்டே ரேஸ்: ஹண்டிங்டனில் ஒன்று, கிறிஸ்துமஸில் ஒன்று. ஒரு வருஷம் கிறிஸ்துமஸுக்குக் கெம்ப்டன், மறு வருஷம் லெபர்ட்ஸ்டவுன். இரண்டிலும் ஜெயித்தது. அந்தக் காலத்தில் குதிரையை ரொம்பப் பொத்திப் பொத்தி வைக்கிறார் என்று அவரைக் கிண்டல் செய்தவர்கள் இப்போதைய டிரெயினர்களைப் பார்த்தால் என்ன சொல்வார்களோ.

அடுத்து, வெளிப்படையாகப் பேசத் தயங்குகிற கேள்வி. குதிரை உண்மையிலேயே கோல்டு கப் குதிரையா? செல்ட்னத்தில் வியாழக்கிழமை நடக்கும் ரயன்ஏர் சேஸ் சுமார் இரண்டரை மைல். 2005இல் தொடங்கியபோது, பெரிய ரேஸுக்குப் பயந்தவர்கள் ஒதுங்கும் இடம் என்று முகம் சுளித்தவர்கள் நிறைய. 2016இல் வாத்தூரைக் கோல்டு கப்பிலிருந்து விலக்கி ரயன்ஏருக்கு மாற்றியபோது பெரிய கூச்சலே கிளம்பியது. அது அந்த ரேஸை எளிதாக ஜெயித்தது. 2025இல் ஃபேக்ட் டு ஃபைல் கதையும் அப்படியே. லெபர்ட்ஸ்டவுனில் டிசம்பரில் கலோபானுக்குப் பின்னால் இரண்டாவது, பிப்ரவரியில் மூன்றாவது. மூன்று மைலில் கடைசிக் கட்டத்தில் எட்டவில்லை என்பது இரண்டு தடவையும் தெரிந்தது. ரயன்ஏருக்கு மாற்றினார்கள், ஒன்பது லெங்த்தில் ஜெயித்தது. இதை நான் பயம் என்று சொல்ல மாட்டேன். சொல்லப்போனால் அந்த முடிவை எடுக்க வைத்ததே லெபர்ட்ஸ்டவுன்தான். கெம்ப்டனில் ஓடியிருந்தால், அந்தச் சமதளத்தில் மூன்று மைல் தாங்குகிற மாதிரித் தோன்றி, மார்ச்சில் ஏற்றத்தில் குட்டு வெளிப்பட்டிருக்கும்.

ஏப்ரலில் எய்ன்ட்ரீ மைதானத்தில் நடக்கும் நீண்ட ரேஸான கிராண்ட் நேஷனலைப் பற்றிச் சுருக்கமாக. கோல்டு கப்பையும் நேஷனலையும் ஒரே சீசனில் ஜெயித்த குதிரை கோல்டன் மில்லர் மட்டும்தான், 1934இல். 2012 கோல்டு கப் ஜெயித்த சின்க்ரனைஸ்டு அதே வசந்தத்தில் நேஷனலில் உயிரையே விட்டது. முதல் தரக் குதிரைக்கு இரண்டுமே திட்டத்தில் இருக்கக்கூடாது என்பது என் கருத்து. நான்கேகால் மைலும் 30 தடுப்பும் மூன்று நான்கு வாரத்தில் சேர்த்துக் கேட்பது அதிகப்பிரசங்கம்.

எனவே என் கணக்கு இது. தூரம் தாங்கும், சேற்றிலும் சோராத குதிரை என்றால் பஞ்செஸ்டவுன், லெபர்ட்ஸ்டவுன் இரண்டு தடவை, செல்ட்னம். இங்கிலாந்துத் தொழுவமாக இருந்தாலும் டிசம்பரில் கப்பலேறத் தயங்க வேண்டாம். 2007இல் டென்மன் அங்கே ஜெயித்துவிட்டு வந்துதான் 2008 கோல்டு கப்பை வாங்கியது. வலப்பக்கம் ஓடப் பிடித்த, பறக்கிற குதிரை என்றால் கெம்ப்டனே அதன் கோல்டு கப் என்று வைத்துக்கொண்டு, டிசம்பர் 26க்கு முழுசாகத் தயார் செய்யுங்கள். மார்ச்சில் ரயன்ஏர், இல்லாவிட்டால் ஏப்ரலில் சமதளமான எய்ன்ட்ரீ.

பெயர் கொடுப்பதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். ரயன்ஏர், கோல்டு கப் இரண்டுக்கும் ஜனவரியிலேயே பெயர் கொடுத்துவிட்டால் பிப்ரவரி ரேஸைப் பார்த்துத் தீர்மானிக்கலாம். 2025இல் ஐநோதவேயூர்திங்கின் நேஷனலுக்கான முன்னணி ஃபேவரிட்டாகத்தான் இருந்தது. கோல்டு கப்புக்குக் கடைசியில் 25,000 பவுண்டு தனியாகக் கட்டி நுழைத்தார்கள். ஆறு லெங்த்தில் ஜெயித்தது. மொத்தப் பரிசு 6,25,000 பவுண்டு இருந்த ரேஸ் அது. நேஷனலிலிருந்து அதன் பெயரை எடுத்துவிட்டார்கள்.