செமி ஸ்லிக் டயரும் ஜிப்சியின் ஒரிஜினல் பின் ஆக்சிலும்

வண்டி மாருதி ஜிப்சி. 1300 சிசி, 16 வால்வு, 80 குதிரைத்திறன். எஞ்சினில் பெரிய வேலை எதுவும் செய்யவில்லை. பின் சக்கரங்களைச் சுழற்றும் அச்சான பின் ஆக்சிலும் கம்பெனியில் இருந்து வந்ததேதான். கோயமுத்தூர் பக்கம் அனுமதி வாங்கி மூடிய தார்த்தடத்தில், கால் மைல் ஓட்டத்துக்காக பின்னால் செமி ஸ்லிக் (பள்ளம் குறைவான, நன்றாக ஒட்டும் டயர்) போட்டுச் சில வருடங்களாக ஓட்டுகிறேன். ஆக்சில் தாங்குமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: எஞ்சினுக்குத் தாங்கும், கிளட்சைப் பட்டென்று விடுகிற காலுக்குத் தாங்காது.

சாதாரண டயர் ஆக்சிலுக்கு ஃபியூஸ் கட்டை மாதிரி. இழுவை அதிகமானால் டயர் வழுக்கிவிடும், உள்ளே இருப்பது பிழைக்கும். ஒரு உதாரணக் கணக்கு: பின் சக்கரங்கள் மேல் 500 கிலோ, டயர் ஆரம் 0.3 மீட்டர். உராய்வு 0.8 என்றால் சுமார் 1,180 நியூட்டன் மீட்டரில் டயர் சுழன்றுவிடும். ஒட்டும் டயரில் அதுவே 1.2 ஆனால் 1,760 வரை பிடித்துக்கொள்ளும். அத்தனையும் ஆக்சிலுக்குள், சக்கரத்துக்கு ஒன்றாக இருக்கிற இரண்டு ஷாஃப்ட் (தண்டு) வழியாகத்தான் போக வேண்டும். ஆர்பிஎம் ஏற்றிக் கிளட்சை விட்டால் ஃப்ளைவீலில் சேர்ந்த வேகமும் அடியாக வந்து இறங்கும்.

எனக்கு முதலில் போனது ஷாஃப்ட் இல்லை, ஆயில் சீல். ஆக்சில் ஹவுசிங் (கூடு) மேலே காற்று வெளியேற இருக்கிற பிரீதரைச் செம்மண் தூசி அடைத்துவிட்டது. சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, எண்ணெய் சீலைத் தாண்டி பிரேக் டிரம்மில் இறங்கி லைனரை நனைத்துவிட்டது. டயரைக் குறை சொல்ல ஆள் ரெடியாக இருந்தார்கள், பாவம் டயர் என்ன செய்யும்!

பெரிய தலைவலி குதிப்புதான். ஜிப்சிக்குப் பின்னால் பட்டை ஸ்பிரிங். டயர் பிடித்ததும் ஆக்சில் ஹவுசிங் மூக்கை மேலே தூக்குகிறது, பட்டை எஸ் மாதிரி வளைகிறது, பிடி விட்டதும் திரும்ப அடிக்கிறது. டயர் பிடிக்க, விட, பிடிக்க என்று ஒவ்வொரு முறையும் ஷாஃப்டுக்கும், ஜாயிண்ட் ராடின் (எஞ்சின் பக்கத்துச் சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுவரும் தண்டு) மூட்டான கிராஸுக்கும் சம்மட்டி அடி. அந்த ராடின் பின்பக்கக் கிராஸ் எனக்கு இப்படித்தான் போனது. பட்டையை ஆக்சிலோடு பிடிக்கிற யூ போல்ட்டை முறையாக இறுக்கி, பட்டை முனைகளில் தேய்ந்த புஷ்ஷை மாற்றிய பிறகு குதிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. குதிக்கிறது என்று தெரிந்த உடனே ஆக்சிலேட்டரை விட்டுவிடுங்கள். அந்த ஓட்டம் போனால் போகட்டும்.

ஷாஃப்டைக் கழற்றியபோது நீளவாக்கில் பெயிண்டால் ஒரு நேர்கோடு போட்டு வைத்திருந்தேன். அடுத்த முறை பார்த்தால் இடது பக்கக் கோடு சாய்ந்திருந்தது, ஷாஃப்ட் நுனியில் உள்ள பற்களான ஸ்ப்ளைனும் லேசாகத் திரும்பியிருந்தது. உடையும்வரை காத்திருக்காமல் மாற்றிவிட்டேன். இது செமி ஃப்ளோட்டிங் ஆக்சில், வண்டியின் எடையையும் அந்த ஷாஃப்டேதான் சுமக்கிறது. பேரிங்குக்கு வெளியே உடைந்தால் சக்கரமே கழன்று ஓடும்.

கணபதியில் லேத் வைத்திருக்கிற அண்ணன் ஒருவர் இஎன்24 என்கிற உரமான எஃகில் புது ஷாஃப்ட் அடித்துத் தருகிறேன் என்றார். "ஏனுங்க தம்பி, ஷாஃப்ட் உடையலைன்னா அப்புறம் கிரவுன் பினியன்தானுங்க போகும்" என்றும் அவரே சொன்னார். அதனால் ஒரிஜினலே போதும் என்று விட்டுவிட்டேன். ஷாஃப்டுகளுக்குச் சுழற்சியைக் கொடுக்கிற பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியனை விட ஷாஃப்ட் மலிவு. இரண்டு சக்கரத்தையும் வேறு வேறு வேகத்தில் சுழல விடுகிற டிஃபரன்ஷியலை (டிஃப்) வெல்டு அடித்துப் பூட்டச் சொல்கிறவர்களிடமும் ஒன்று சொல்லிவிடுகிறேன். திறந்த டிஃபில் இரண்டு ஷாஃப்டும் சுமையைப் பாதிப் பாதியாக வாங்கும். பூட்டிவிட்டால், ஒரு டயர் பிடி இழக்கிற நொடியில் மொத்தமும் இன்னொரு ஷாஃப்ட் தலையில்தான்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். கமேரோ காரின் 7.5 அங்குல (கிரவுன் சக்கரத்தின் விட்டம்) ஆக்சில் ஒட்டும் டயரில் உடைவதற்குப் பேர் போனது. மஸ்டாங் காரின் 8.8 அங்குலம் நல்ல உரம், அதிலும் 28 ஸ்ப்ளைன் ஷாஃப்டை எடுத்துவிட்டு 31 போடுகிறார்கள். ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கிளட்சுக்குப் பதிலாக இருக்கிற டார்க் கன்வெர்ட்டர் அடியை மெத்தென்று வாங்கிவிடும், நமக்கு அந்த வசதி கிடையாது.

கிரவுன் பினியன் இன்னும் பழையதுதான். ஜிஎல்-5 கியர் எண்ணெயை வடிக்கும்போதெல்லாம் காந்தம் வைத்துப் பார்க்கிறேன், நைஸ் தூள் வருகிறது, துண்டு வரவில்லை. இப்போது ஆக்சிலேட்டரை விட்டு உருளும்போது மட்டும் மெலிதாக ஒரு ஊளை கேட்கிறது. பினியன் பேரிங்காக இருக்கலாம், ஆடி முடிந்ததும் இறக்கிப் பார்க்க வேண்டும்.