முட்டையும் பாலும் ஆகாத பிள்ளைக்கு கேக்: ஆளி விதை, தேங்காய்ப் பால், கடலைத் தண்ணீர்

என் அக்கா மகனுக்கு முட்டையும் அலர்ஜி, பாலும் அலர்ஜி. "எக்லெஸ் கேக் வாங்கிக் கொடுங்களேன்" என்று சொல்லாத ஆள் இல்லை. ஆனால் நம் ஊர் பேக்கரி எக்லெஸ் கேக்கில் பெரும்பாலும் கண்டென்ஸ்டு மில்க்கோ தயிரோ இருக்கும். அவனுக்கு அது ஆகவே ஆகாது. அதனால் வீட்டிலேயே செய்கிறேன். அதற்காக நான் வாங்கும் பொருள்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் ஆளி விதை. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற பச்சை விதையே போதும், உப்புப் போட்டு வறுத்தது வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி பொடிக்கு மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்தால் கொழகொழவென்று ஆகும். அது ஒரு முட்டைக்குச் சமம். வாழைப்பழ கேக், சாக்லேட் கேக், குக்கீஸ் மூன்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். மூன்று முட்டைக்கு மேல் கேட்கும் கேக்கில் போட்டால் நடுப்பகுதி பிசுபிசுத்துவிடும். பொடித்து விற்கும் பாக்கெட் எனக்குப் பிடிக்கவில்லை. பொடி சீக்கிரம் காறிப்போகும், அந்த வாடை கேக்கிலும் வரும். முழு விதையாக வாங்கி அவ்வப்போது மிக்ஸியில் அடித்துக்கொள்வதுதான் நல்லது.

பாலுக்கு தேங்காய்ப் பால். அப்போதே பிழிந்த முதல் பாலுக்கு ஈடு இல்லை. அதில் ஒரு கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு வைத்தால் மோர் கேட்கும் இடத்தில் ஊற்றலாம், சோடா மாவோடு சேர்ந்து நன்றாகப் பொங்கும். அவசரத்துக்கு டெட்ரா பேக்கும் பரவாயில்லை. தேங்காய்ப் பால் பவுடர் வாங்கும்போதுதான் ரொம்ப கவனம் வேண்டும். பல பவுடர்களில் சோடியம் கேசினேட் சேர்க்கிறார்கள். அது பசும்பாலில் உள்ள புரதம். பாக்கெட்டின் முன்பக்கம் தேங்காய்ப் படம்தான் இருக்கும், பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படித்தால்தான் விஷயம் தெரியும். கடையில் நின்று படித்துவிட்டு நான் திருப்பி வைத்த பாக்கெட்டுகள் நிறைய.

பச்சைப் புள்ளியும் இதற்கு உதவாது. நம் நாட்டு விதிப்படி முட்டை சேர்த்த பொருளுக்கு அசைவக் குறி, பால் சேர்த்ததற்குப் பச்சைக் குறி. ஆகவே பச்சைப் புள்ளியை வைத்துப் பால் இல்லை என்று முடிவு கட்டவே கூடாது. 'லாக்டோஸ் ஃப்ரீ' பாலும் அப்படித்தான். அதில் பால் சர்க்கரையை உடைத்திருப்பார்கள், புரதம் அப்படியே இருக்கும். பால் சர்க்கரை செரிக்காதவர்களுக்கு அது சரி, அலர்ஜிக்காரப் பிள்ளைக்கு ஆபத்து. அலர்ஜி விவரத்தைத் தனியாக அச்சிட வேண்டும் என்று 2020 லேபிள் விதிகளில் இருக்கிறது. அந்த ஒரு வரியைத் தேடிப் படிக்காமல் பில் போடாதீர்கள்.

ஸ்பாஞ்ச் கேக், மெரிங் (வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்துச் செய்வது) மாதிரி நுரைத்து எழும்ப வேண்டியவற்றுக்கு ஆளி விதை சரிப்படாது. அங்கே கைகொடுப்பது கொண்டைக்கடலை வெந்த தண்ணீர். 2014-இல் ஜோயெல் ரோசெல் என்ற பிரெஞ்சுக்காரர் அது நுரைக்கும் என்று காட்டினார், அடுத்த வருடமே அதற்கு 'அக்வாஃபாபா' என்று பெயரும் வந்துவிட்டது. உப்பில்லாமல் வேகவைத்து, தண்ணீரைச் சுண்டக் காய்ச்சி, ஃப்ரிட்ஜில் குளிரவைத்து, நுரை அடங்காமல் நிற்க கிரீம் ஆஃப் டார்ட்டர் என்ற புளிப்புப் பொடி ஒரு சிட்டிகை போட்டு பீட்டரில் அடியுங்கள். கொஞ்ச நேரம் ஆகும், ஆனால் வெள்ளை வெளேரென்று எழும்பும். மூன்று மேசைக்கரண்டி ஒரு முட்டைக்கு. அடிக்கும்போது வரும் கடலை வாசம் வெந்த பிறகு தெரிவதில்லை. கொண்டைக்கடலை அலர்ஜி உள்ள பிள்ளைகளும் உண்டு, அந்த வீட்டில் இதைத் தொட வேண்டாம்.