டுவார்ஃப் ஃபோர்ட்ரெஸ்: நாய ஓடவிட்டு கம்ப்யூட்டர் கட்டுற கேம்

2006ல இருந்து இருக்குற கேம்தான், ஆடம்ஸ் பிரதர்ஸ் பண்ணது, 2022 டிசம்பர்ல ஸ்டீம்ங்கிற பிசி கேம் கடையில, எழுத்துக்கு பதிலா கிராபிக்ஸோட வந்தப்புறம்தான் மன்னார்குடில எங்க செட்டுக்குள்ள பரவுச்சு. கோட்டை கட்டுறது, சண்டை எல்லாம் ஓகே, ஆனா எனக்கு புடிச்சது விலங்க வச்சு பண்ற லாஜிக் மெஷின்தான், அதாவது கம்ப்யூட்டர் மாதிரி ஆமா-இல்லன்னு முடிவெடுக்குற அமைப்பு. தரையில பிரஷர் பிளேட் (மிதிச்சா வேலை செய்யுற தட்டு) போட்டு இவ்ளோ எடைக்கு மேல மிதிச்சாதான் வேலை செய்யணும்னு செட் பண்ணி மெக்கானிசத்தால ஒரு கதவோட இணைச்சிடுறோம், நாய் ஒரு இடத்துக்கு போகப் பாக்கும், கதவு சாத்தியிருந்தா வேற வழில சுத்திப்போயி இன்னொரு பிளேட்ட மிதிக்கும், அது இன்னொன்ன திறக்கும், இப்படியே கம்ப்யூட்டருக்கு அடிப்படையான ஆண்ட் (AND), ஆர் (OR), நாட் (NOT) லாஜிக் கேட் எல்லாம் கட்டிடலாம். தண்ணி வச்சும் பண்ணலாம், ஆழம் 7 வரைக்கும் அளவு இருக்கு, வெண்ணாத்துல ஷட்டர் தூக்குற மாதிரியே மதகும் இருக்கு, ஆனா தண்ணி வடியுறதுக்குள்ள பொறுமை போயிடும், நாய் எவ்ளவோ மேல்.

மாட்ட மட்டும் விட்டுடாதீங்க, புல்லு இல்லாத கல்லு ரூம்ல பட்டினியா செத்துடும். நாய் பூனைக்கு தீனியே வேண்டாம் (ஏன்னு கேக்காதீங்க).

குறைன்னா, விலங்கு கூடக்கூட வழி தேடித்தேடியே கேம் திணறும், பழைய லேப்டாப்ல கேட்கவே வேணாம். புதுசா வர்றவங்களுக்கு கத்துக்கறதும் கஷ்டம்தான். காசு போட யோசிச்சா வெறும் எழுத்தா தெரியுற கிளாசிக் வெர்ஷன் இன்னும் ஃப்ரீதான், அத முதல்ல போட்டு பாருங்க.