செக்கா, யூபிஐயா?

மன்னார்குடிப் பக்கம் பழைய பவர் டில்லரை ஆன்லைனில் விற்கப் போட்டால், குறுவை நேரத்தில் போன் ஓயாது. "செக் தர்றேன் சார்" என்பவரிடம்தான் உஷார் தேவை. 60,000 ரூபாய் வண்டிக்கு 75,000க்கு செக் போடுவார். "மிச்சத்தை லாரிக்காரருக்கு அனுப்பிடுங்க" என்பார். செக் திரும்பி வரும், நீங்கள் அனுப்பிய 15,000 திரும்பாது. வண்டியும் போயிருந்தால் இன்னும் மோசம். கணக்கில் பணமில்லாமல் செக் திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் வழக்குப் போடலாம்தான். ஆனால் ஆளே போலி என்றால் யார் மேல் போடுவது?

யூபிஐயில் பணம் உடனே கணக்குக்கு வரும், என் ஓட்டு அதற்கே. அப்புறம், வாங்குபவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை விட்டுவிட்டு உங்கள் பேங்க் இருப்பைப் பாருங்கள். பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. போடச் சொன்னால் போனை வைத்துவிடலாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடியுங்கள்.